ஊருக்கு நான்கு மணி நேரம் இல்லை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும், 2016 வரைக்கும் நான் யோசிக்காமல் சொன்ன பதில் "நாலு மணி நேரம்". டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும், கப்பல் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஊரில் அம்மாகூட அக்கம்பக்கத்தில் "என்ன பெரிய தூரம், எம்மவன் மெட்ராஸ்ல இருந்தாகூட வர்றதுக்கு இதைவிட நேரமாகும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில். அங்கிருந்து சென்னைக்குப் பேருந்தில் போக ஒரு இரவு முழுக்க வேண்டும் என்பதால் அம்மா சொன்னதில் தப்பில்லை. தப்பு என் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கால் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இன்னொருத்தருக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அது ஆடி மாதம். இரவு 3:10-க்குத் தம்பியிடமிருந்து போன். ஊரில் அப்போது 12:40. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரை பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். அவன் அழுதுகொண்டே கேட்ட ஒரே கேள்வி, "எப்பண்ணே வருவே?" நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "நாலு மணி நேரந்தானேடா, காலையில முதல் ஃப்ளைட்டப் புடிச்சு மதியத்துக்குள்ள வந்துடுறேன், எனக்காக வச்சிருங்க."

அந்த வார்த்தையை நம்பித்தான் ஊரில் எல்லாம் நடந்தது. விடிவதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், மூத்தவன் மதியம் வந்துவிடுவான், மூன்று மணிக்கு எடுத்துவிடலாம் என்று. ஐஸ் பெட்டி இருந்தது. நாளைக்குத்தான் வர முடியும் என்று நான் சொல்லியிருந்தால் ஒரு இரவு வைத்திருப்பதில் யாருக்கும் சிரமம் இருந்திருக்காது, புதுக்கோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்தவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி வந்திருப்பார்கள். நான்தான் மதியம் என்று சொன்னேன்.

போனை வைத்ததும் டிக்கெட் தேடினேன். சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவில் வழக்கமாக எனக்கு டிக்கெட் எடுத்துத் தரும் கடை அந்த நேரத்தில் திறந்திருக்காது, நானே போனில் பார்த்தேன். காலை 7:40-க்குச் சென்னைக்கு ஒரு விமானம். 11:30-க்குத் திருச்சிக்கு ஒன்று, அதிலும் இடம் இருந்தது. திருச்சி என் ஊருக்குப் பக்கம் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் அந்த நேரத்தில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான், 7:40 முந்தியது, 11:30 பிந்தியது. நான்கு மணி நேரம் சாங்கி விமான நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருக்க மனசு ஒப்பவில்லை. எப்படியாவது உடனே கிளம்பிவிட வேண்டும், வானத்தில் ஏறிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்தேன். துக்கத்தில் இருப்பவனுக்கு அசையாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். அதனால்தான் இந்த முடிவை முன்கூட்டியே, அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

விமானம் சரியாகவே போனது. சென்னையில் இறங்கும்போது அங்கே மணி 9:10. குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை, பெட்டி வருவதற்குக் காத்திருப்பு, வெளியே வரும்போது 10:15. அவசரத்துக்குப் போகிறவன் பெட்டியை உள்ளே போட்டிருக்கவே கூடாது, அதுவே அரை மணி நேரத்தைத் தின்றது. கார் பிடித்துக் கிளம்பியது 10:30. விழுப்புரத்திலிருந்து கும்பகோணம் வழியாகப் போகும் சாலை அப்போது இருவழிதான், அதில் போனால் மாட்டிக்கொள்வோம், நாலுவழிச் சாலையில் திருச்சி போய்த் திரும்பிவிடலாம் என்று ஓட்டுநர் அண்ணன் சொன்னார். அவர் சொன்னது சரிதான். எங்கேயும் சாப்பிடக்கூட நிற்காமல் ஓட்டினார். திருச்சி புறவழிச்சாலையைத் தொடும்போது மணி 4:10.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் வேண்டாமென்று விட்ட அந்த 11:30 விமானம், ஊர் நேரப்படி ஒரு மணிக்கே இதே திருச்சியில் இறங்கிவிட்டது. அதில் வந்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இந்த இடத்தைக் கடந்து போயிருப்பார்கள். பட்டுக்கோட்டைக்காரர் யாராவது அதில் வந்திருந்தால் நான் திருச்சியைத் தொடுகிற நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

தம்பி போன் செய்துகொண்டே இருந்தான். மூன்று மணி நாலானது, நாலு ஐந்தானது. பொழுது சாய்ந்தபின் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். 5:15-க்கு எடுத்தார்கள். 6:30-க்கு நான் போய்ச் சேர்ந்தேன், வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கார் நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போனது. தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான். சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

கணக்கு இதுதான். போன் வந்தது சிங்கப்பூர் நேரம் 3:10. நான் போய்ச் சேர்ந்த 6:30 என்பது சிங்கப்பூரில் இரவு 9 மணி. மொத்தம் 17 மணி 50 நிமிடம். அதில் விமானத்துக்குள் இருந்தது 4 மணி நேரம். திருச்சி விமானத்துக்குக் காத்திருந்தால் 1:45-க்கு வெளியே வந்து, தஞ்சாவூர் வழியாக நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய தூரம், 4:15-க்கு வீட்டில் இருந்திருப்பேன். நான்கு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அந்த வருடம் முழுக்க இந்தக் கணக்கு என்னை விடவில்லை. விமானத்தில் முன்னால் இருக்கும் திரையில் வரைபடம் ஓடும் இல்லையா, ஒவ்வொரு தடவையும் அதையே பார்த்துக்கொண்டு வருவேன். சிங்கப்பூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். திருச்சி ஏறக்குறைய 2,980. மதுரை 3,000-ஐக் கொஞ்சம் தாண்டும், கோயம்புத்தூர் 3,150-ஐத் தாண்டும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும், சாங்கியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 80 கிலோமீட்டருக்குள்தான், வானத்தில் அது ஐந்தாறு நிமிடம். நாம் கிழக்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறோம், தமிழ்நாட்டின் கரை நமக்கு ஒரு சுவர் மாதிரி எதிரே நிற்கிறது, அந்தச் சுவரில் எந்த இடத்தில் போய் முட்டினாலும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். அதனால் விமான நேரத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை. இறங்கியபின் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குத் திருச்சி. விருதுநகர், தேனி, ராமநாதபுரம் பக்கம் என்றால் மதுரைக்கு நேரடி விமானம் இருக்கும் நாளா என்று முதலில் பாருங்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்றால்தான் சென்னை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது விமானம் பறக்கும் நேரம் அல்ல. சாங்கியில் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே வாசலில் போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் 2,900-ஐ வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது, ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து, தரையில் நகரும் நேரத்தையும் சேர்த்தால்தான் அந்த நான்கு மணி நேரம் வரும். அப்புறம் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேலே, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலமான காற்றோட்டம் ஓடுகிறது. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1950-களில் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். விமானங்கள் 11, 12 கிலோமீட்டரில் பறப்பதால் அதன் கீழ்ப்பகுதி விமானத்தைத் தள்ளிவிடும். ஆடி மாதம் ஊருக்குப் போகும்போது குறித்த நேரத்துக்கு முன்பே இறங்குவதும், திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று கொஞ்சம் இழுத்தடிப்பதும் இதனால்தான். அப்பா இறந்த அன்றைக்கும் அந்தக் காற்று பின்னால் இருந்து தள்ளியிருக்கும், அது மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கக்கூடிய பத்துப் பதினைந்து நிமிடம் சென்னை விமான நிலையத்துக்கு வெளியே ஜிஎஸ்டி சாலையின் முதல் சிக்னலிலேயே போயிருக்கும்.

இந்தப் பக்கத்துத் தூரத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிங்கப்பூர் சின்ன ஊர் என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பது மேற்கே, ஜூரோங்கிலும் துவாஸிலும், விமான நிலையம் இருப்பது கிழக்குக் கோடியில். துவாஸ் லிங்க்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் தானா மேரா போய் மாறி சாங்கி சேர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு ரயில் கிடையாது. நள்ளிரவு 12-இலிருந்து காலை 6 வரை டாக்ஸி மீட்டரில் பாதிக்குப் பாதி கூடுதலாக ஏறும், அந்த நேரத்தில் அதைப் பார்க்காதீர்கள், ஏறிவிடுங்கள். எந்த டெர்மினல் என்று வண்டியில் ஏறும்போதே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். நான்காம் டெர்மினல் தனியாக இருக்கிறது, மற்ற மூன்றுக்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் அங்கே போகாது, பேருந்தில்தான் மாற வேண்டும். மூன்றாம் டெர்மினலில் இறங்கி நான்குக்கு ஓடிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார், அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தேதி விஷயத்தில் ஏமாந்தவர்கள் நம்மில் ரொம்பப் பேர். என்னோடு அறையில் இருந்த தம்பி ஒருவன், தங்கை கல்யாணத்துக்கு 14-ஆம் தேதி 00:35 விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். 14-ஆம் தேதி வேலை முடிந்து, குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு இரவு சாங்கிக்குப் போனான். விமானம் முந்தின இரவே போய்விட்டது. 13-ஆம் தேதி இரவு அவன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவன் இருக்கை காலியாகப் பறந்தது. நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணிக்குள் கிளம்பும் விமானம் என்றால், டிக்கெட் எடுத்த உடனேயே போனில் முந்தின நாள் இரவு 9 மணிக்கு அலாரம் வைத்துவிடுங்கள். நாட்காட்டியில் எழுதும்போதும் "13 இரவு" என்றே எழுதுங்கள். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்தபிறகுதான் அவன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

கோலாலம்பூர் வழியாகப் போனால் மலிவு என்பார்கள். 2024-இல் ஒரு மச்சான் கல்யாணத்துக்கு நானும் அப்படிப் போனேன், நேரடி டிக்கெட்டைவிட 60 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) குறைவு. வரைபடத்தில் பார்த்தால் இதைப் போல நியாயமான வழி இல்லை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் 300 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி சுமார் 2,690, கூட்டினால் நேர்வழியைவிடப் பத்துக் கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் கோலாலம்பூர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆனால் நான் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் அங்கே இடைவழிப் பயணியாக உட்கார முடியாது, பெட்டி போட்டிருந்தால் மலேசியக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் புதிதாகப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை, அதனால்தான் இதுவே முடிந்தது, அதற்கு முன்னால் என்றால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். இப்போதும் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முன்பே நிரப்ப வேண்டும். முதல் விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனபோது மூடிவிட்டார்கள். தாமதம் வேறொரு டிக்கெட்டில் நடந்தது, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள், விதிப்படி அது சரிதான். அன்றிரவு அங்கேயே தரையில் படுத்துக் கிடந்து, மறுநாளைக்குப் புது டிக்கெட் எடுத்து, மாப்பிள்ளை அழைப்பு முடிந்து காலையில் போய் நின்றேன். 60 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் 280 வெள்ளி போனது. கோலாலம்பூர் வழியோ கொழும்பு வழியோ, போகலாம், தப்பில்லை, ஆனால் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. துக்கத்துக்குப் போகிறவர்கள் இந்த வழியைப் பார்க்கவே வேண்டாம்.

திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வேலைக்கு நான் துரோகம் செய்த மாதிரி. நான் கப்பல் பட்டறையில் மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். ஊரில் நள்ளிரவு 12:30-க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 7:15-க்கு இறங்குகிறோம். கடிகாரத்தில் ஆறே முக்கால் மணி நேரம் போயிருக்கிறது, உண்மையில் நான்கேகால்தான், மீதி இரண்டரை மணி நேரத்தை நேர வித்தியாசம் விழுங்கிவிடும். உடம்புக்கு அது அதிகாலை 4:45. முந்தின நாள் முழுக்க விடைபெறும் அலைச்சல், அழுகை, விமான நிலையத்துக்குக் கார், உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரத் தூக்கம். 2017-இல் நான் அப்படி இறங்கி, ஒரு நாள் லீவு மிச்சமாகட்டும் என்று நேராக வேலைக்குப் போனேன். சாரத்தின் மூன்றாம் தட்டில் ஏறும்போது கொக்கியை மாட்டினேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. கீழே இருந்த பங்களாதேஷ்காரத் தம்பிதான் கத்தினான். மாட்டவில்லை. அதற்குப்பிறகு என் குழுவில் ஊரிலிருந்து இரவு விமானத்தில் வருகிறவர்கள் யாரையும் அன்றைக்கு உயரத்தில் ஏற நான் விடுவதில்லை. லீவு கேட்கும்போதே திரும்பி வந்து இறங்கும் நாளையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, துக்க விடுப்பு சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயம் இல்லை, அவரவர் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள், இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

நான் இப்போது வாடகைக்கு இருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டியவர், தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். 1950-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக இங்கே வந்து இறங்கியவர், ஏழெட்டு நாள் பயணம் என்பார். ஒரு நாள் இரவு அப்பா கதையை அவரிடம் சொன்னேன். அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அம்மா இறந்ததைச் சொன்னார். தந்தி வந்ததாம். கையில் வாங்கும்போதே அங்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியுமாம். இங்கேயே தலை முழுகி, கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டாராம். "எங்களுக்காக யாரும் காத்திருக்கலப்பா. கப்பல்ல இருக்கறவனுக்கு யாரு காத்திருப்பா? உனக்குத்தான் காத்திருக்காங்க, அதான் உனக்குக் கஷ்டம்" என்றார். அப்போதெல்லாம் ஊருக்கும் இங்கேயும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான், 1982 பிறந்தபோதுதான் சிங்கப்பூர் கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே தெளிவானது. தாமதமாகப் போனது பாதிதான். தப்பான நேரத்தைச் சொன்னதுதான் மீதி. காத்திருக்கிறவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது விமான நேரம் இல்லை, வீட்டு வாசலில் கால் வைக்கும் நேரம், அதுவும் அவர்கள் ஊர்க் கடிகாரத்தில்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் கிடந்தது, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் நாள்கணக்கில் மூடிக் கிடந்த நிலையம் அது, அதனால் நவம்பர், டிசம்பரில் சென்னை வழியாகப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தின நாளை நம்பாமல் இன்னும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. அன்று காலை அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தம்பி போன் செய்தான். அதே கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. "பத்து நிமிஷத்துல கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தேன்.

உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இங்கிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு விமானம், எந்த டெர்மினல், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் போதும், அங்கே வெளியே வர எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, தஞ்சாவூருக்கு எவ்வளவு. திருச்சியில் கார் வைத்திருக்கும் இரண்டு பேருடைய போன் எண். கடப்பிதழ் காலாவதியாகும் தேதி. பக்கத்தில் ஒரு சின்னப் பையில் இரண்டு செட் துணி, கொஞ்சம் இந்திய ரூபாய், சார்ஜர், பெட்டி போடத் தேவையில்லாத அளவுக்கு. விமான நிறுவனங்களின் செயலியில் என் பெயரும் கடப்பிதழ் எண்ணும் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறேன், தனியாக ஒரு கார்டில் ஒரு டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் தொடாமல் இருக்கும். டிக்கெட்டை எடுத்தபிறகு தம்பியைக் கூப்பிட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருப்பேன். நீ டாக்டர்ட்ட கையெழுத்துப் போட வேண்டியதப் போட்டுரு, எனக்காக நிறுத்தாத" என்றேன். 7:40-க்குப் போய்விட்டேன். அம்மா மயக்கத்திலிருந்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை. தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பையை வாங்கிக்கொண்டான்.

அந்தத் தாளை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றி எழுதுகிறேன். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் விமான அட்டவணைகள் மாறும் நாள்கள், காலை விமானம் மாலைக்குப் போய்விடும், சில நாளில் இருந்தது இல்லாமல் போய்விடும். 2024 ஜூனில் திருச்சியில் புதிய முனையம் செயல்படத் தொடங்கியபிறகு எனக்கு வெளியே வரும் நேரமும் குறைந்திருக்கிறது, முன்பு 45 நிமிடம் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 30 என்று எழுதியிருக்கிறேன், பெட்டி இல்லாமல் போனால். வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடியும் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும், தம்பிக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவேன், அவன் வீட்டு அலமாரியிலும் அதே தாள் ஒட்டியிருக்கிறது.